கடைசி பெஞ்சிலிருந்து அடுக்களைக்கு

"எங்கள் பள்ளியில் பிள்ளைகளை உயர வரிசையில்தான் உட்கார வைப்போம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார் தலைமையாசிரியை. அத்தோடு பேச்சு முடிந்தது என்பதுபோல் மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. இடது காது அறவே கேட்காது, வலது காது அரைகுறை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவளை முதல் பெஞ்சில், வலது காது ஆசிரியை பக்கமாக இருக்கும்படி உட்கார வையுங்கள்.

"அவள் உயரமான பெண். முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு போர்டு மறைக்கும்."

"சுவர் ஓரமாக உட்காரட்டும். யாருக்கும் மறைக்காது."

"ஒருத்திக்கு மாற்றிக் கொடுத்தால் நாளைக்கு எல்லாப் பெற்றோரும் வந்து நிற்பார்கள்."

"எல்லாப் பிள்ளைகளுக்குமா காது கேட்காமல் இருக்கிறது?"

அவர் என் பக்கத்தில் நின்றிருந்த என் கணவரின் அக்காவைப் பார்த்தார். நான் மைனி என்று கூப்பிடும் அவர் அந்தப் பள்ளியிலேயே ஆசிரியை. சின்ன வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். என் மகளுக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். இப்போதாவது வாய் திறப்பார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். வாய் திறக்கத்தான் செய்தார்.

"மேடம் சொல்றதும் சரிதான்" என்றார்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்குக் காதோரம் சுடுகிறது.

நாங்கள் அப்போது செகந்திராபாத் லாலாகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். கணவருக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. அவர் குடும்பம் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. பேசுகிற தமிழில் பாதி தெலுங்கும் உருதுவும் கலந்திருக்கும். நான் பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பு முடித்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். பக்கத்து ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு வாரம் காலை டியூட்டி, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் இரவு. பெண்ணுக்குப் பிறகு மூன்று வருஷம் கழித்து ஒரு பையன்.

பெண்ணுக்கு நாலு வயதில் மணல்வாரி அம்மை வந்தது. காய்ச்சல் இறங்கியும் காதிலிருந்து சீழ் வடிவது நிற்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்களே பார்த்தார்கள். முடிந்ததெல்லாம் செய்தார்கள். கடைசியில், இடது காது திரும்பாது, வலது காதை வைத்துத்தான் இந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியில் சேர்க்கும்போதே இதை நாங்கள் மறைக்காமல் சொன்னோம். முதல் இரண்டு வருஷம் வகுப்பு ஆசிரியைகள் அவளைத் தங்கள் மேஜைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அவளும் மற்றப் பிள்ளைகளைப் போலப் படித்தாள், சண்டை போட்டாள், பென்சில் தொலைத்தாள்.

மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம்தான் இந்த உயர வரிசை வந்தது. எங்கிருந்து வந்தது, எந்த மேதையின் மூளையில் உதித்தது என்று எனக்குத் தெரியாது. என் மகளுக்கு அப்பா வீட்டு உயரம். கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

அங்கிருந்து அவளுக்கு என்ன கேட்டிருக்கும்? மின்விசிறிச் சத்தம், பிள்ளைகள் பெஞ்சை இழுக்கிற சத்தம், அதற்கு அப்பால் எங்கேயோ ஒரு குரல் முனகுவது. டிக்டேஷன் சொல்கிற ஆசிரியை நடந்துகொண்டே சொல்வாராம். பாதி நேரம் முகம் கரும்பலகைப் பக்கம் இருக்குமாம். என் மகள் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் பிடிப்பாள். முதுகில் எதைப் பார்ப்பது? சொற்களின் கடைசி எழுத்துகள் அவளுக்கு எட்டவே எட்டாது. டிக்டேஷனில் பூஜ்யம் வந்தது. மறுபடியும் பூஜ்யம். பூஜ்யம் வாங்கினவர்கள் வெளியே போய் வராந்தாவில் நிற்க வேண்டும். கேட்காத பிள்ளையைக் கேட்கவே முடியாத இடத்தில் நிறுத்தி வைப்பதற்குத் தண்டனை என்று பெயர்.

"ஏன் மக்ளே எழுதல?" என்று கேட்டேன்.

"நாகு வினபடலேது மம்மி" என்றாள். கேட்கவில்லை என்பதைத் தெலுங்கில் சொன்னாள். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருமே தமிழில் கேட்டால் பாதி நேரம் தெலுங்கில்தான் பதில் சொல்வார்கள்.

"டீச்சர்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். பொய் சொல்றேன்னு சொன்னாங்க. அத்தை கூப்பிட்டா கேக்குதேன்னு சொன்னாங்க."

மைனியின் குரல் உரத்த குரல். அது எல்லாருக்கும் கேட்கும். அதனால் என் பிள்ளை பொய்க்காரி ஆகிவிட்டாள்.

நான் அந்த வருஷம் பலமுறை போனேன், கெஞ்சினேன். முதலில் சொன்ன அந்தப் பேச்சு நடந்தது அப்படிப் போன ஒரு நாளில்தான். வருஷக் கடைசியில் அவர்களே கூப்பிட்டு அனுப்பினார்கள். பெண் மந்தமாக இருக்கிறாளாம். மூன்றாம் வகுப்பைத் திரும்பப் படித்தாலும் பிரயோஜனம் இல்லையாம். இரண்டாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கலாமாம்.

"இரண்டாம் வகுப்பிலயும் உயர வரிசைதானே?" என்று கேட்டேன்.

"எல்லா வகுப்பிலும் அதுதான்."

குட்டிப் பிள்ளைகளுக்கு நடுவில் என் மகள் தென்னை மரம் மாதிரி நிற்பாள். கடைசி பெஞ்சுக்கும் கடைசி மூலை அவளுக்கு நிச்சயம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் சிலருக்கு அழுகை வரும். எனக்கு அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது. தலைமையாசிரியை முகம் சிவந்து, "செவிடர்களுக்கென்று தனிப் பள்ளிகள் இருக்கின்றன, அங்கே முயற்சி செய்யுங்கள்" என்றார்.

அதையும் செய்தேன். பஸ் மாறிப் பஸ் ஏறி அவளை அப்படி ஒரு பள்ளிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த அம்மாள் மிக மரியாதையானவர். என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இவளுக்குத்தான் காது கேட்கிறதே, நன்றாகப் பேசுகிறாளே. இங்கே ஒன்றுமே கேட்காத பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். கேட்கவில்லை என்று ஒரு கதவு சாத்துகிறார்கள், கேட்கிறது என்று இன்னொரு கதவு சாத்துகிறார்கள். இந்த இரண்டு கதவுக்கும் நடுவில் இருக்கிற பிள்ளை எங்கே போய் உட்காரும்?

அன்று சாயங்காலம் கணவர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியதும் சொன்னேன். "இனிமே அவ பள்ளிக்கூடம் போகமாட்டா. நான் வீட்ல வச்சுச் சொல்லிக் கொடுக்கப் போறேன்."

அவர் காலுறையைக் கழற்றிக்கொண்டே, "வீட்ல வெச்சா? அப்படி யாராவது செய்வாங்களா?" என்றார்.

"நான் செய்யுதேன்."

"நீ டீச்சரா?"

"அங்க இருக்கவங்க டீச்சரா?"

 காலுறையைச் சுருட்டி ஷூவுக்குள் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "அக்கா வேலை பாக்குற ஸ்கூல். நாம பிள்ளையை நிறுத்தினா அவங்களுக்குத்தான் பேர் கெடும்" என்றார்.

"உங்க அக்கா பேர் கெடக்கூடாதுன்னு நம்ம பிள்ள மந்தம்னு பேர் வாங்கணுமா?"

"அப்புறம் பரீட்சை? சர்டிஃபிகேட்?"

அதையும் விசாரித்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் போகாதவர்களும் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதலாம். எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா ஒருத்தியின் மகன் அப்படித்தான் எழுதியிருந்தான். அதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது, அதுவரை என்ன என்று கேட்டார். அதுவரை படிப்போம் என்றேன். உண்மையில் அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மைனி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் வேதப் புத்தகம், முகத்தில் இடி. உட்காரவில்லை.

"கைக்கு இந்த வேலை பண்ற நீ?" என்றார். கோபம் வந்தால் அவருக்கு உருதுதான் முதலில் வரும், ‘கைக்கு’ என்றால் ஏன். "ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. உன் தம்பி பொண்டாட்டிக்கு மூளை சரியில்லையான்னு கேக்கறாங்க. பிள்ளைய வீட்ல உக்கார வெச்சா அது என்ன ஆகும்? பாத்திரம் கழுவும். அவ்வளவுதான்."

"பாத்திரம் கழுவுத சத்தம் அவளுக்குக் கேக்கும் மைனி. உங்க பள்ளிக்கூடத்துல அதுகூடக் கேக்கல."

"திமிர் பேச நக்கோ, வேண்டாம். எத்தனை பேர் அந்த ஸ்கூல் கேட்ல நின்னு அழறாங்க தெரியுமா, ஒரு சீட்டுக்கு?"

"எங்க சீட்ட அவங்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்க. கடைசி பெஞ்சு காலியாத்தான் இருக்கும்."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி ஜன்னலைப் பார்த்தார். மைனி டீகூடக் குடிக்காமல் படியிறங்கிப் போனார். அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தேவாலயத்தில் எங்களைப் பார்த்தால் கைக்குட்டையைச் சரிசெய்வார்.

ஆரம்பித்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஹைதராபாத் கோட்டி பஜாரின் பழைய புத்தகக் கடைகளில் மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்புப் புத்தகங்கள் வாங்கினோம். கணவர் ஒரு பலகையில் கறுப்புப் பெயின்ட் அடித்து முன்னறைச் சுவரில் மாட்டினார். காலையில் குளித்து, தலை பின்னி, மகளை அதன் எதிரில் உட்கார வைத்தேன். அவளுக்குப் பக்கத்தில் ஐந்து வயதுப் பையன். அவனை அந்த வருஷம் பள்ளியில் சேர்த்திருக்க வேண்டும். எந்தப் பள்ளி வாசலிலும் போய் நிற்க எனக்கு மனசு இல்லை, அதனால் அவனும் வீட்டில்.

முதல் நாளே தெரிந்துவிட்டது, முன்னறை உதவாது என்று. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும். யார்டில் ரயில் பெட்டிகளைக் கோக்கிற இடிச்சத்தம் ஓயாது. தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவுவார். எனக்கு அதெல்லாம் பழகிப் போயிருந்தது, காதில் விழுவதே இல்லை. அவளுக்கோ என் குரல் அத்தனை சத்தத்துக்கும் அடியில் போய் மாட்டிக்கொண்டது. மதியத்துக்குள் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் அடுக்களைக்கு மாறினோம். அது வீட்டின் பின்பக்கம். கதவைச் சாத்தினால் சத்தம் பாதியாகக் குறையும். அங்கே ஒரு முக்காலியும் பழைய டிரங்குப் பெட்டியும் போட்டேன். அவள் டிரங்குப் பெட்டியின் மேல், நான் அவளுக்கு வலது பக்கம் முக்காலியில். ஏப்ரல் மாத வெயிலில் சாத்திய அடுக்களை எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். மேஜை விசிறி ஒன்று வாங்கி வைத்தோம். அது ஓடினால் அவளுக்குக் கேட்கவில்லை. நிறுத்தினோம். வியர்வையைத் துடைத்துக்கொண்டே படித்தோம். பாடம் இல்லாத நேரத்தில் விசிறியைப் போட்டுக்கொண்டு மூவரும் அதன் முன்னால் முகத்தைக் காட்டுவோம்.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடம் சொல்வேன். அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். "இங்க பாத்துச் சொல்லு மம்மி." அதன் பிறகு சமையலை முதலில் முடித்துவிட்டு உட்காருவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு சொல்லை அவள் பார்த்தபடி சொன்னால் சரியாக எழுதுவாள். முகத்தைத் திருப்பிச் சொன்னால் கடைசி எழுத்து போய்விடும். இவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. படித்த ஆசிரியைகள் அத்தனை பேர் இருக்கிற ஒரு பள்ளிக்கு ஒரு வருஷம் முழுக்க ஆகியும் கண்டுபிடிக்க முடியவில்லை. முடியவில்லை என்ன, பார்க்கவில்லை. என் கோபத்துக்கு அடியில் இருப்பது இதுதான். அவர்கள் செய்ய முடியாததை நான் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். ஒரு பெஞ்சைத்தானே மாற்றச் சொன்னேன்.

மாதக் கடைசிக்குள் மூன்றாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் பாதி முடித்துவிட்டாள். கணக்கில் தடுமாறினாள். எனக்கும் கணக்கு அவ்வளவுதான். தெலுங்கையும் ஹிந்தியையும் அவள் அப்பா ஏற்றுக்கொண்டார். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, அதே முக்காலியில் உட்கார்வார். ஆரம்பத்தில் கடனே என்றுதான் செய்தார். ஒரு நாள் அவள் தெலுங்குப் பாடம் ஒன்றை நிறுத்தாமல் வாசித்துக் காட்டியபோது அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து, "அவங்கள்ட்ட போய் இதைக் காட்டணும்" என்றார். "காட்ட வேண்டாம், நீங்க பாத்தீங்கள்லா, போதும்" என்றேன். தமிழ் மட்டும் நான் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டது. எந்தப் பரீட்சைக்கும் இல்லை. என் பிள்ளை எனக்கு என் பாஷையில் பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசை.

காலை டியூட்டி வாரங்களில் பாடம் மத்தியானத்துக்கு மாறும். எனக்குப் பகல் டியூட்டி வருகிற வாரங்களில் எங்களில் ஒருவர் வரும்வரை பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இருப்பார்கள். ரயில் கார்டு ஒருவரின் மனைவி, தெலுங்குக்கார அம்மா. நல்ல மனுஷி. ஆனால் அவர் வீட்டுத் தின்பண்டத்தோடு ஊர்ப் பேச்சும் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. பெண்ணைப் பள்ளியிலிருந்து விரட்டிவிட்டார்களாம், அம்மாக்காரி சம்பாதிக்கிற திமிரில் வீட்டோடு வைத்திருக்கிறாளாம், இந்தப் பெண்ணை யார் கட்டுவார்களாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதற்குள் மாப்பிள்ளைக் கவலை. காய்கறி வண்டிக்காரர்கூட, "கைக்கு அம்மா, பேட்டி ஸ்கூல் நை ஜாதீ?" என்று உருதுவில், மகள் பள்ளிக்கூடம் போகாதது ஏன் என்று தினமும் கேட்டார். அவருக்கு மட்டும்தான் நான் பொறுமையாகப் பதில் சொன்னேன். அவர் கேட்டது நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காக.

தேவாலயப் பெண்கள் ஜெபிக்க வந்தார்கள். வருகிறோம் என்று சொல்லவில்லை, வந்துவிட்டார்கள். ஒரு பாடம் நடுவில் நிற்கிறது. என் மகளை நடுக்கூடத்தில் முழங்காலில் உட்கார வைத்து, தலையில் கை வைத்து, அந்தகார வல்லமைகள் அவளை விட்டு ஓடவேண்டும் என்று ஒருவர் உரத்த குரலில் வேண்டினார். எனக்கும் விசுவாசம் உண்டு. ஆனால் என் பிள்ளைக்கு வந்தது மணல்வாரி. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மம்மி, இவங்க ஏன் கத்தறாங்க? எனக்கு நல்லாக் கேக்குதே" என்றாள். நான் அவளை எழுப்பி அடுக்களைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன். வந்தவர்களுக்கு டீ போடவில்லை. அதைப் பல மாதம் பேசினார்கள்.

இரண்டாவது வருஷம் முடிகிற சமயம், ஒரு சனிக்கிழமை காலை மைனி வந்தார். தனியாக வரவில்லை. கூட ஒரு பெண்ணும் ஏழு வயதுச் சிறுமியும். நாச்சாரத்தில் ஏதோ தொழிற்சாலையில் வேலை செய்கிறவரின் மனைவி, தெலுங்குக் குடும்பம். சிறுமிக்குத் திக்குவாய். ஒரு சொல் வெளியே வருவதற்குள் கழுத்து நரம்பு புடைத்துவிடும். வாய்ப்பாடு ஒப்பிக்க நேரம் எடுக்கிறாள், மற்றப் பிள்ளைகளின் நேரம் வீணாகிறது என்று அதே பள்ளி அவளையும் நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தது.

மைனி அவர்களை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு என் பின்னாலேயே அடுக்களைக்கு வந்தார். டிரங்குப் பெட்டியையும் முக்காலியையும் பார்த்தார். என் மகள் அத்தையைப் பார்த்ததும் எழுந்து நின்று தமிழில், "வாங்க அத்தை" என்றாள். மைனி அவள் கன்னத்தைத் தொட்டார். பிறகு என்னிடம், "அந்தப் பொண்ணையும் உன்கூட உக்கார வெச்சுக்கோ" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு வந்தது என்று தெரியவில்லை.

"நல்லா இருக்கு மைனி. நீங்க உள்ள இருந்து ஒவ்வொருத்தராத் தள்ளுவிய, நான் வெளிய நின்னு பொறுக்கணுமோ? அங்க ஒரு வார்த்த பேசினியளா? அந்தப் பிள்ளைக்காவது பேசினியளா?"

"பேசல."

"ஏன் பேசல?"

"பேசினா வேலை போயிடும். எனக்கு யார் இருக்கா? புருஷன் இருக்கானா, பிள்ளை இருக்கா?" அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பிகளைப் படிக்க வைத்தே வயது போனது. என் கணவரைப் படிக்க வைத்ததும் அவர்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கோபம் இறங்கவில்லை.

"அப்ப எதுக்கு இங்க கூட்டிட்டு வந்திய?"

"ஹவ், ஆமா, எனக்குத் தைரியம் இல்ல. உனக்கு இருக்கு. அதான் வந்தேன்."

அந்த வார்த்தை என்னை மேலும் எரித்தது. தைரியமாம். எனக்கு வேறு வழி விடவில்லை அவர்கள். வழியில்லாமல் செய்ததை எல்லாம் தைரியம் என்று சொல்லிவிட்டால், வழியை அடைத்தவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா? இதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "விசிறிய போடேன், வேகுது" என்றார்.

"போட்டா இவளுக்குக் கேக்காது" என்றேன்.

அவர் என் மகளைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு என்னவோ விளங்கியது என்று நினைக்கிறேன். அத்தையாக எட்டு வருஷமும், அதே பள்ளியில் மூன்று வருஷமும் கூட இருந்தவருக்கு.

அந்தச் சிறுமியை நான் சேர்த்துக்கொண்டேன். அவள் என்ன செய்வாள், பாவம். மைனி மேல் இருந்த கோபத்தை அவள் தலையில் இறக்க முடியுமா? எங்கள் பாட வேளையில் வருவாள். அவசரப்படுத்தாமல் இருந்தால் நன்றாகப் படித்தாள். என் மகளுக்கு அவள் பேச்சு வசதியாக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் மெதுவாக வருமே. இருவரும் தெலுங்கில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். மைனி சனிக்கிழமைகளில் வந்து எங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். மற்ற ஐந்து நாளும் அந்தப் பள்ளியில் உயர வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் கணக்கு தேறியது அவரால்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயம் பேசுகிறவள் ஆகமாட்டேன். ஆனால் அன்றைக்கு அடுக்களையில் நடந்த பேச்சை நாங்கள் இருவரும் பிறகு எடுத்ததே இல்லை.

பையனுக்கு எட்டு வயது ஆனபோது மற்றப் பையன்களோடு கிரிக்கெட் விளையாட வேண்டும், யூனிஃபார்ம் போட வேண்டும் என்று அடம் பிடித்தான். வேறொரு பள்ளிக்குக் கூட்டிப் போனோம். ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள், நாலு கணக்குப் போடச் சொன்னார்கள். உடனே நாலாம் வகுப்பில் இடம். "வீட்டிலேயே இவ்வளவு தயார் செய்திருக்கிறீர்களே" என்று பாராட்டு வேறு. பக்கத்தில் என் மகள் நின்றிருந்தாள். அவனுக்குப் பாதி பாடம் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். "இவளையும் இதே அடுக்களையில்தான் தயார் செய்தேன், வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்" என்றேன். காது விஷயத்தையும் சொன்னேன். அவர்கள் முகம் மாறியது. "அப்படிப்பட்ட குழந்தைக்கு இங்கே வசதி இல்லை" என்றார்கள். என்ன வசதி? எந்த வசதியை நான் கேட்டேன்? அங்கேயே பையனையும் இழுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். மகள்தான் என் கையை அழுத்தினாள். "அவன் போகட்டும் மம்மி. எனக்கு வேண்டாம்."

அவன் போனான். அவள் வீட்டிலேயே படித்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதினாள். பிரமாதமான மதிப்பெண் ஒன்றும் இல்லை. தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் நல்ல மார்க், கணக்கில் தப்பித்தாள், சமூக அறிவியலில் எனக்கே ஏமாற்றம். ஆனால் முதல் முறையே எல்லாவற்றிலும் தேறினாள். பிறகு பெண்கள் பாலிடெக்னிக்கில் வரைபடப் பிரிவில் இடம் கிடைத்தது. அங்கே ஒரு விரிவுரையாளர், முதல் நாளே, யாரும் சொல்லாமலே, "உனக்கு எங்கே உட்கார்ந்தால் வசதி?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அத்தனை வருஷத்தில் அப்போதுதான் அழுதேன். ஒரு கேள்விதானே அது. கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இடம் கிடைத்த செய்தியை மைனி தன் பள்ளியில் சொல்லியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை வந்து, தயங்கித் தயங்கி, "மேடம் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க" என்றார். "அவ நம்ம ஸ்கூல் பொண்ணுதானே, அஸ்திவாரம் நாம போட்டதுதானேன்னு எல்லார்ட்டயும் சொன்னாங்க."

"நீங்க என்ன சொன்னிய?" என்று கேட்டேன்.

மைனி கொஞ்சம் நிமிர்ந்தார். "இல்ல மேடம், அவ எங்க வீட்டுப் பொண்ணு, எங்க வீட்ல படிச்சவன்னு சொன்னேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறேன்ல" என்றார்.

என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். மைனியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து, வேலை போகாது என்று உறுதியான பிறகு வந்த வார்த்தை அது. அஸ்திவாரம் போட்டார்களாமே! நான் வாய் திறப்பதற்குள் மகள் என் முழங்கையைத் தொட்டாள்.

"விடு மம்மி. எனக்கு அவங்க மேல கோபமே இல்ல. வீட்ல படிச்சது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

"எனக்கு இருக்கு" என்றேன்.

"இன்னுமா?"

"இன்னும்தான். உனக்குப் பிடிச்சிருந்துச்சுன்னா அது அவங்க செஞ்ச நல்லதாயிடுமா?"

அவள் யோசித்துவிட்டு, ஆகாது என்று தலையாட்டினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.